டீஃபால்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

அப்டேட் முடிந்து கணினியைத் திறந்தால், ரீடரில் திறந்துகொண்டிருந்த பிடிஎஃப் கோப்பு பிரவுசரில் திறக்கும். சரிசெய்ய செட்டிங்ஸுக்குப் போனால் 'டீஃபால்ட் ஆப்ஸ்' என்று இருக்கும். அது என்ன டீஃபால்ட்?

இலத்தீனில் 'ஃபல்லெரே' என்றால் ஏமாற்றுதல், தவறுதல். அது பழைய பிரெஞ்சு வழியாக, குறை, தவறுகை என்ற பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது. நீதிமன்றத்தில் ஆஜராகத் தவறினாலும் டீஃபால்ட், கடனைக் கட்டத் தவறினாலும் டீஃபால்ட். வங்கிக்காரர்கள் வாயில் 'டீஃபால்ட்டர்' இன்றும் வசைச்சொல்தான்.

கணினிக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். எதிர்த்தரப்பு வரவில்லை என்றால் அவர் இல்லாமலே தீர்ப்பு எழுதுவார்கள் அல்லவா, அதே தர்க்கம்தான் இங்கேயும். இன்னது வேண்டும் என்று நாம் சொல்லத் தவறினால், இயந்திரம் தானாக ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

அப்டேட் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், நாம் சொல்லியிருந்தும் அது எடுபடாமல் போகலாம். விண்டோஸ் 8 முதல், ஒரு கோப்பு வகைக்கு நாம் தேர்ந்தெடுத்த செயலியின் பெயரோடு, அதைச் சரிபார்க்கக் கணக்கிட்ட ஒரு குறியீடும் (ஹாஷ்) விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால், யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டி, விண்டோஸ் தன் பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிவிடும்.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. 'இயல்புநிலை' பரவலானது, ஆனால் வெள்ளம் வடிந்து ஊர் 'இயல்புநிலைக்கு' திரும்பியது என்று நாளிதழில் படித்துப் பழகியவருக்குக் குழப்பம்தான். நாம் பழகிய ரீடர் அல்லவா நமக்கு இயல்பு! 'கொடாநிலை' பொருளுக்கு மிக நெருக்கம்: நாம் எதுவும் கொடாதபோது இருக்கும் நிலை. நிரல் எழுதுபவர்கள் 'கொடாநிலை மதிப்பு' என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும், பேச்சில் வராது. என் ஓட்டு 'முன்னிருப்பு'க்கு. முன்கூட்டியே இருப்பது, அவ்வளவுதான். 'முன்னிருப்புச் செயலி' என்றால் யாருக்கும் புரியும். கடனுக்கு மட்டும் இதைக் கொண்டுபோகக் கூடாது. அங்கே 'தவணை தவறுதல்' எப்போதோ நிலைத்துவிட்டது.

சரி, மாறிப்போன முன்னிருப்பை மீட்க: கோப்பின் மேல் வலச்சொடுக்கு, 'ஓப்பன் வித்', 'சூஸ் அனதர் ஆப்', உங்கள் ரீடர், அப்புறம் 'ஆல்வேஸ்'. 'ஜஸ்ட் ஒன்ஸ்' கொடுத்தால் அடுத்த முறையும் பிரவுசர்தான் வரும்.