நிரலாளருக்குத் தமிழ் வேண்டாம், மொழிபெயர்ப்பாளருக்கு சி நிரல்மொழி வேண்டாம்

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளில் என்ன வேலை இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். மொழிபெயர்ப்பு என்ற பெரிய வேலையே இருக்கிறது. அதை நிரலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பிரித்துக் கொடுக்கும் கருவியின் பெயர் கெட்டெக்ஸ்ட். கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் குனு திட்டம் தன் கெட்டெக்ஸ்டை 1995இல் வெளியிட்டது.

நிரலாளர் திரையில் தோன்ற வேண்டிய ஆங்கில வரிகளைக் குறியிட்டு வைப்பார். எக்ஸ்கெட்டெக்ஸ்ட் என்ற கருவி அவற்றைத் திரட்டி, பிஓடி எனப்படும் வெற்று வார்ப்புருவாக்கும். அதிலிருந்து தமிழுக்கான பிஓ கோப்பு பிறக்கும்: மேலே ஆங்கிலம், கீழே தமிழ். நிரப்பியதை எம்எஸ்ஜிஎஃப்எம்டி என்ற கருவி, நிரல் படிக்கக்கூடிய எம்ஓ கோப்பாக்கும்.

இதில் வியப்பூட்டுவது பன்மையைக் கையாளும் விதம்தான். ஆங்கிலத்தில் 'ஃபைல்' என்பதோடு ஓர் 'எஸ்' ஒட்டினால் போதும். தமிழிலோ "1 கோப்பு அழிக்கப்பட்டது", "5 கோப்புகள் அழிக்கப்பட்டன" என்று வினையும் சேர்ந்து மாறுகிறது. ரஷ்ய மொழியில் 1, 21, 31 ஆகியவற்றுக்கு ஒரு வடிவம். 2, 3, 4, 22 ஆகியவற்றுக்கு இன்னொன்று. 5 முதல் 20 வரை மூன்றாவது. 11, 1இல் முடிந்தாலும் மூன்றாவதில்தான் சேரும். அரபிக்கு 6 வடிவங்கள், ஜப்பானியத்துக்கு ஒன்றே ஒன்று.

இத்தனையையும் நிரலாளர் கற்க வேண்டியதில்லை. ஒருமை வரி, பன்மை வரி, எண்ணிக்கை மூன்றையும் என்கெட்டெக்ஸ்ட் என்ற செயற்கூறிடம் தந்துவிடுவார். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று சொல்லும் ஒரு சூத்திரம் பிஓ கோப்பின் தலைப்பகுதியில் இருக்கும். தமிழ்ச் சூத்திரம் எண் 1 என்றால் 0 என்றும், இல்லையென்றால் 1 என்றும் விடை தரும். ரஷ்யச் சூத்திரம் 10ஆலும் 100ஆலும் வகுத்த மீதியைப் பார்க்கும். மொழிக்கு ஒருமுறை எழுதினால் போதும். மொழிபெயர்ப்பவர் 0, 1 என எண்ணிட்ட இடங்களில் முழு வாக்கியங்களை எழுதுவார், அவ்வளவுதான். எவ்வளவு அழகான பாகப்பிரிவினை!

பிழைகள் இந்த எல்லைகளில்தான் நேர்கின்றன. வரியில் சதவீதக் குறியோடு 'டி' இருந்தால் அங்கே எண் வரும், 'எஸ்' இருந்தால் எழுத்துச்சரம் வரும். 'டி' இருந்த இடத்தில் 'எஸ்' என்று எழுதிவிட்டால், நிரல் எண்ணை நினைவக முகவரி என்று எண்ணி முடங்கிப்போகும். எம்எஸ்ஜிஎஃப்எம்டியைச் சரிபார்ப்பு விருப்பத்துடன் ஓட்டினால் இது முன்பே பிடிபடும். ஆங்கில வரி மாறும்போது எம்எஸ்ஜிமெர்ஜ் என்ற கருவி பழைய தமிழை 'ஃபஸ்ஸி', அதாவது சரிபார்க்க வேண்டியது, என்று குறித்து வைக்கும். அதைப் படிக்காமல் குறியை நீக்கினால், 'இயக்கு' என்ற பழைய சொல் 'முடக்கு' பொத்தானில் போய் உட்காரக்கூடும். இதைப் பொறுமையாகச் சரிபார்ப்பவருக்கும் திட்ட நிதியில் பங்கு வேண்டும். நிரலுக்கு மட்டும் பணம் ஒதுக்குவது நியாயமில்லை.

கெட்டெக்ஸ்டால் செய்ய முடியாத ஒன்று, பெயருக்கு ஏற்ப வேற்றுமை உருபைச் சேர்ப்பது. கோப்பின் பெயர் வரும் இடத்தில் நேரடியாக 'ஐ' சேர்த்தால் 'கடிதம்ஐத் திறக்க முடியவில்லை' என்று திரையில் நிற்கும். பெயருக்குப் பின் 'என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை' என்று எழுதுங்கள். உருபு 'கோப்பு' மேல் ஏறிக்கொள்ளும். எந்தப் பெயர் வந்தாலும் வாக்கியம் பிசகாது.