பங்கர்: ஒரு சொல், இரண்டு குழி

திருகோணமலையில் ஒருவர் 'பங்கர்' என்றால், எந்தப் பங்கர் என்று திருப்பிக் கேட்கவேண்டும். போர்க்காலத்தில் வளவுக்குள் சனம் வெட்டினதும் பங்கர்தான். சந்தியில் மண்மூட்டைக்கு மேலால் துவக்கு நீட்டிக்கொண்டு நின்றதும் பங்கர்தான்.

சொல் ஸ்கொட்லாந்துக்காரருடையது. முதலில் பெட்டிபோன்ற இருக்கை. பிறகு நீராவிக் கப்பலில் கரி கொட்டிவைக்கும் அறை. உலகப் போர்களோடுதான் படைத்துறைப் பொருள். துறைமுகத்தில் பழைய பொருளும் சாகவில்லை, கப்பலுக்கு எண்ணெய் நிரப்புவது இன்றைக்கும் 'பங்கரிங்'தான். திருகோணமலைச் சீனன்குடாவில் பிரித்தானியர் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியது இதற்காகவே. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பான் விமானங்கள் தாக்கியதில் ஒன்று எரிந்துபோனது. இப்போது 99 நிற்கின்றன, பலவற்றைக் காடு மூடிவிட்டது.

தமிழில் பதுங்குகுழி. ஊறுகாய் மாதிரி இதுவும் வினைத்தொகை: பதுங்கிய குழி, பதுங்குகிற குழி, பதுங்கும் குழி. முக்காலமும் உள்ளே அடக்கம். 'ட' வடிவில் வெட்டுவார்கள். குழியின் ஒரு பக்கத்தில் குண்டுச் சிதறல் விழுந்தாலும் மற்றப் பக்கத்தில் இருப்பவர் தப்பலாம். மேலே பனங்குற்றி, அதன்மேல் மண் நிரப்பிய உரப்பை. மாரியில் தண்ணீர் நிற்கும், பாம்பும் வரும். ஆனாலும் இறங்கத்தான் வேண்டும்.

படையினருடையதற்குச் சரியான சொல் காவலரண். 'இராணுவப் பதுங்குகுழி' என்று செய்திகளில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. பதுங்கினது அதைக் கடந்து போன நாங்கள். சைக்கிளால் இறங்கி, உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி.

சம்பூரில் எங்கட அம்மம்மா இந்த வித்தியாசத்தை எந்த அகராதியும் பாராமலே வைத்திருந்தா. தான் வெட்டினது 'பங்கர்', படையினருடையது 'சென்றி', அதாவது காவலரண். 2006 குண்டுவீச்சோடு ஊரை விட்டு வெளிக்கிட்டவ, படையினரிடமிருந்து காணி விடுபட்டபிறகுதான் திரும்பினா. வீடு இல்லை. பங்கர் இருந்த இடம் தூர்ந்து பள்ளமாகக் கிடந்தது. வேலியோரம் கைவிட்ட சென்றி ஒன்று, கூரைக்கு முதிரை மரம் போட்டு. அம்மம்மா குனிந்து உள்ளே போய் மரத்தைத் தடவினா.

"இது எங்கட வீட்டுக் கூரை வளையடா. இங்க பார், உன்ர அம்மாவுக்கு ஏணை கட்டின தழும்பு."