கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு: சொட்டு நீலம் காட்டிக்கொடுத்த கணக்கு

"சார், தினமும் காலையில ஏழரை மணிக்கு எங்க வீட்டு கக்கூஸ் பேசுது" என்று ஒருவர் போனில் சொன்னார். சிரித்துவிட்டேன். நேரில் போய்ப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து. ஆட்டோ நுழைந்தால் எதிரே வரும் சைக்கிள் ஏதாவது ஒரு திண்ணையில் ஏற வேண்டும். வீடுகளுக்கு இடையில் இடைவெளி கிடையாது, ஒட்டு வீடுகள். அவருடையது தரைத்தளம் மட்டும். ஏழரை ஆனதும் கழிப்பறைக் கோப்பையில் தண்ணீர் குமிழி விட்டது, அப்புறம் மெல்ல மேலே ஏறியது. எட்டே காலுக்குத் தானாக இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இது நடப்பதில்லை என்று அவர் மனைவி சொன்னார். பாதி விஷயம் எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது.

பக்கத்து வீடு மூன்று தளம். முன்பு ஒரே குடும்பம் இருந்த இடம், இப்போது மாணவர் விடுதி, 26 பையன்கள். என்னோடு வந்த பிளம்பர் அண்ணன் மூலைக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் சொட்டு நீலம் வாங்கி வந்தார். இரண்டாவது மாடிக் குளியலறையில் அதைக் கொட்டி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினார். நான் கீழே இந்த வீட்டுக் கழிப்பறை வாசலில் கையில் கடிகாரத்தோடு நின்றேன். நான்கு நிமிடம் ஆகவில்லை, கோப்பையில் தண்ணீர் நீலமாக ஏறியது. மாடி கட்டியபோது கழிவுநீர்க் குழாயைத் தெருச் சேம்பருக்குத் தனியாகக் கொண்டுபோகவில்லை. இரண்டு வீடுகளுக்கும் பொதுவாக இருந்த பழைய பீங்கான் குழாயிலேயே செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

கட்டட வரைபடம் போடுவதும், அனுமதிக்கு விண்ணப்பிப்பதும், பழைய கட்டடங்களைச் சோதித்துச் சொல்வதும் என் தொழில். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று 20 வருடத்துக்கு மேலாக இதே தெருக்களில்தான் சுற்றுகிறேன். கடந்த சில வருடங்களாக என்னிடம் வருகிற வேலைகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை: 'கல்லூரிக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறது, ஹாஸ்டலாக மாற்ற வேண்டும்.'

கல்லூரி ஊர் என்றால் நமக்குச் சிதம்பரம் பக்கத்து அண்ணாமலை நகர்தான் நினைவுக்கு வரும். 1929-இல் பல்கலைக்கழகம் வந்தது, அதைச் சுற்றி விடுதிகளும் ஊழியர் குடியிருப்புகளும் எழுந்தன, இன்று அது தனிப் பேரூராட்சி. முதலில் கல்லூரி, பிறகு ஊர். வடசென்னையில் இது தலைகீழ். கப்பல் துறைமுகம், 1856-இல் ஓடத் தொடங்கிய ராயபுரம் ரயில், மில், பட்டறை என்று ஊர் முதலிலேயே நிரம்பிவிட்டது. அந்த நெரிசலுக்கு நடுவில் கிடைத்த இடத்தில் கல்லூரிகள் வந்தன. பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்கிற ஸ்டான்லியில் மருத்துவக் கல்லூரி, 1950-இல் தொடங்கிய தியாகராயா கல்லூரி, பழைய சிறை இருந்த இடத்தில் பாரதி மகளிர் கல்லூரி, அந்தப் பக்கம் வியாசர்பாடியில் அம்பேத்கர் கலைக் கல்லூரி. எல்லாம் சில கிலோமீட்டருக்குள். ஆனாலும் இதை யாரும் கல்லூரி ஊர் என்று சொல்வதில்லை, அப்படி நினைத்துத் திட்டம் போட்டதும் இல்லை.

படிக்க வருகிறவர்களில் பெரும் பகுதி கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் பொன்னேரி, மீஞ்சூரிலிருந்து வந்து போகிறவர்கள். அவர்கள் பிரச்சினை வேறு, படிக்கட்டுப் பயணம் பற்றித் தனியாகவே எழுதலாம். நான் சொல்ல வருவது இங்கேயே தங்குகிறவர்களைப் பற்றி. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டு, தியாகராயா கல்லூரி பெயரிலேயே ஒரு நிலையமும் வந்த பிறகு, வேறு பக்கம் படிக்கிற பிள்ளைகளும் வாடகை குறைவு என்று இங்கே அறை தேடி வருகிறார்கள். வீட்டுக்காரர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். குடும்பத்துக்கு விட்டால் மாதம் 12,000. அதே மாடியில் பத்துப் பேருக்குத் தலைக்கு 4,500 என்றால் 45,000. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மகள் கல்யாணக் கடன் அடைப்பவர்களும் உண்டு அதில்.

ஆனால் அவர் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. குடிநீர் வடிவமைப்பில் நாங்கள் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் குடும்பத்துக்கு 675 லிட்டர். அந்தப் பக்கத்து வீட்டு 26 பேருக்கு 3,510 லிட்டர். இதில் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும் என்பது பொதுவான கணக்கு, அதாவது ஏறக்குறைய 2,800 லிட்டர். இதுகூடப் பெரிதில்லை. குடும்பத்தில் தாத்தா ஐந்து மணிக்குக் குளிப்பார், அம்மா பதினோரு மணிக்குத் துவைப்பார், தண்ணீர் நாள் முழுக்கப் பிரிந்து போகும். விடுதியில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் முதல் வகுப்பு. ஏழேகாலுக்கும் எட்டுக்கும் நடுவில் எல்லாக் குளியலறையும் ஓடும். பழைய நான்கங்குலக் குழாய் அதை வாங்காமல் இருக்கிற வழியில் திருப்பி அனுப்புகிறது. கழிப்பறை பேசியது அதனால்தான். ஞாயிற்றுக்கிழமை பையன்கள் பத்து மணி வரை தூங்குவார்கள், அன்றைக்குப் பேச்சு கிடையாது.

தண்ணீர் இப்படியென்றால், எடை இன்னொரு கதை. தண்டையார்பேட்டையில் ஒரு அம்மா கூப்பிட்டு அனுப்பியிருந்தார். எழுபது வயதைத் தாண்டிய வீடு, மேலே ஒரு தளம் எழுப்பி ஸ்டான்லி மாணவிகளுக்கு விட வேண்டுமாம். 3,000 லிட்டர் கறுப்புத் தொட்டியை முன்கூட்டியே வாங்கி வாசலில் இறக்கியும் வைத்துவிட்டார்.

"சுவரு ஒண்ணரை அடி கனம் தம்பி. யானை ஏறினாலும் ஒண்ணும் ஆவாது."

சுவரைப் பற்றி அவர் சொன்னது சரிதான். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும், நல்ல வேலை. நான் பார்க்க நினைத்தது கூரையை. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்த்து அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதிப்பது. அழகான வேலை, வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால் உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும், சுவரில் ஓதம் ஏறினால் மரம் உள்ளுக்குள்ளேயே மக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஏணி போட்டு ஏறி, மூன்றாவது உத்திரம் சுவரைத் தொடுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். கட்டை விரலால் அழுத்திய வேகத்துக்கே மூன்றங்குலம் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஈரமான காப்பிப் பொடி மாதிரி கொட்டியது. அந்த அம்மா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, தலையில் விழுந்த தூளை முந்தானையால் தட்டிக்கொண்டார்.

3,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் மூன்று டன். பழைய அம்பாசடர் கார் இரண்டைத் தூக்கி மாடியில் நிறுத்தினாலும் அந்த எடை வராது. இரும்பு அடுக்குக் கட்டில்கள், அறை பிரிக்க எழுப்புகிற நாலரை அங்குலச் சுவர்கள் எல்லாம் தனி. ஒட்டு வீடாக இருந்தால் இன்னொரு சிக்கலும் சேரும். நடுச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. நீங்கள் உங்கள் பக்கம் ஒரு மாடி ஏற்றினால், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமலே அவர் சுவரின் மேலும் ஏற்றியதாகத்தான் அர்த்தம். வெடிப்பு பெரும்பாலும் அவர் பக்கம்தான் முதலில் தெரியும்.

"வீடுதானே சார், அப்ரூவல் இருக்கே" என்பார்கள். இருக்கும், குடியிருப்பு என்று. 1971-ஆம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 'வளர்ச்சி' என்ற சொல்லுக்குள் புதிதாகக் கட்டுவது மட்டுமல்ல, கட்டடத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் அடங்கும். ஒரு செங்கல்கூட வைக்காமல் பத்துக் கட்டில் மட்டும் போட்டாலும் அனுமதி பற்றிய கேள்வி எழும். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு, சின்ன மனைக்காரர்களுக்கு அலைச்சல் மிச்சம். ஆனால் அது குடியிருக்கிற வீட்டுக்கு. வீடு என்று வாங்கிவிட்டு விடுதியாக நடத்துவதற்கு அதில் இடமில்லை. அப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் உண்டு, நான் எழுதிக் கொடுக்கவில்லை. வேறு யாரோ எழுதிக் கொடுத்திருக்கலாம்.

பெண்கள் விடுதி என்றால் 2014-இல் வந்த தனிச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். மகளுக்கு இடம் பார்க்கப் போகும் பெற்றோர் சாப்பாட்டையும் வைஃபையையும் விசாரிக்கிறார்கள், உரிமத்தைக் கேட்டு நான் பார்த்தது அபூர்வம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டியதே இல்லை. அந்தச் சட்டம் மகளிருக்கும் குழந்தைகளுக்கும் ஆனது. கல்லூரிப் பையன்களின் விடுதி அதில் வராது. பையன்கள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டார்கள் போல.

2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு மகளிர் விடுதியில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம், எனக்குத் தெரிந்த நான்கு விடுதிகளுக்கு நானாகவே போய்ப் பார்த்தேன். நான்கிலும் ஒரே படிக்கட்டு. இரண்டில் அந்தப் படிக்கட்டுக்குக் கீழேதான் மீட்டர் பெட்டியும், காலி அட்டைப் பெட்டிகளும், ஒரு பைக்கும். தீ அங்கே பிடித்தால் மேலே இருப்பவர் இறங்க வேறு வழி கிடையாது. ஜன்னலில் வெல்டிங் அடித்த கிரில், மொட்டை மாடிக் கதவில் பூட்டு, சாவி வார்டனிடம், வார்டன் இரவு தன் வீட்டில். ஒன்றில் மட்டும், நான் சொன்ன அன்றே பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கத் தாழ்ப்பாள் போட்டார்கள். செலவு 180 ரூபாய்.

ஆகவே பெற்றோர் அறை பார்க்கப் போனால் சாயங்காலம் போகாதீர்கள். காலை ஏழரைக்குப் போங்கள். குளியலறை வரிசை, தண்ணீர் வேகம், சாக்கடை நாற்றம், படிக்கட்டில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க முடிகிறதா என்பதெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மொட்டை மாடிக்கு ஒரு தடவை ஏறிப் பாருங்கள், கதவு திறந்தால் சரி. கூரையின் உள்பக்கம் மஞ்சள் கறை படிந்திருந்தால் அதற்கு நேர் கீழே கட்டில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். கட்டில் வாங்குவதற்கு முன்னால் கழிவுநீர்க் குழாயைத் தனியாகத் தெருவுக்குக் கொண்டுபோங்கள். மாடி ஏற்றும் முன்னால் கூரையையும் அடித்தளத்தையும் சோதிக்க ஆள் வையுங்கள். சோதிக்கிற கூலி ஒரு மாத வாடகையில் அடங்கிவிடும்.

இதெல்லாம் தனித்தனி வீட்டு விஷயம். தெருவின் நிலைமை அதைவிடப் பெரியது. தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு ரேஷன் கார்டு ஊரில், ஓட்டு ஊரில், ஆதார் முகவரியும் ஊரில். இங்கே அவன் குளிக்கிறான், துவைக்கிறான், குப்பை போடுகிறான், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா சாப்பிடுகிறான். எந்தக் கணக்கிலும் இல்லை. மாநகராட்சிப் பதிவேட்டில் அந்த மூன்று தளமும் ஒரு குடும்பத்து வீடு. அந்தச் சந்துக்கு எத்தனை அங்குலக் குழாய் வேண்டும் என்று யாராவது கணக்கெடுத்தாலும் அந்த 26 பேர் வரமாட்டார்கள்.

சென்னைப் பெருநகர் எப்படி வளர வேண்டும் என்று 2008-இல் அறிவித்த இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. அடுத்தது 2046 வரை. 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் கால்வாய், பள்ளி, குடியிருப்பு என்று கண்ணுக்குத் தெரிகிற வேலைகள் நடக்கின்றன, மகிழ்ச்சிதான். அதே வருடம் நவம்பரில் கொளத்தூரில் திறந்த, படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தருகிற முதல்வர் படைப்பகத்துக்குப் போய்ப் பாருங்கள், உட்கார்ந்து படிக்க ஒரு மேஜை வேண்டும் என்று பிள்ளைகள் எவ்வளவு ஏங்கியிருக்கிறார்கள் என்று தெரியும். அதே மாதிரி, கல்லூரியைச் சுற்றி நடந்து போகிற தூரத்தில் எத்தனை பிள்ளைகள் எந்தெந்த வீட்டில் தங்குகிறார்கள் என்று ஒரு எண்ணிக்கை எடுத்தால் போதும். கல்லூரி அலுவலகத்தில் தற்போதைய முகவரி என்று ஒரு கட்டம் சேர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். அப்படி எடுத்தால்தான் எந்தத் தெருவில் குழாயைப் பெரிதாக்க வேண்டும், எங்கே அரசு விடுதி வேண்டும் என்று பேசவே முடியும். இப்போதைக்கு எங்களிடம் இருப்பது சொட்டு நீலம் மட்டும்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை விடுதிக்காரர் இரண்டு மாதம் இழுத்தடித்து, கடைசியில் தனிச் சேம்பர் கட்டினார். பக்கத்து வீட்டுக் கழிப்பறை இப்போது பேசுவதில்லை. மழை பெரிதாகப் பெய்தால் மட்டும் தெரு மேன்ஹோல் பேசுகிறது.

தண்டையார்பேட்டை அம்மா மாடி எழுப்பவில்லை. உத்திரம் மாற்றுகிற செலவைக் கேட்டுவிட்டு, தரைத்தளத்து முன்னறையில் மூன்று மாணவிகளுக்கு மட்டும் இடம் கொடுத்திருக்கிறார், சாப்பாடும் அவரே போடுகிறார். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். அந்த 3,000 லிட்டர் தொட்டி இன்னும் வாசலில்தான் படுத்துக் கிடக்கிறது. உள்ளே ஒரு நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது.