நேரமுத்திரை என்ற தொல்லை

போன கிழமை ஒரு சோதனை அறிக்கையின் தமிழாக்கத்தைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைகள், கோப்பு எப்போது மாறியது என்று அதற்கு இடும் டைம்ஸ்டாம்ப் எந்தளவுக்குச் சரி என்று சோதித்த அறிக்கை. முதல் பக்கத்திலேயே அதற்கு 'நேரமுத்திரை' என்று பதினொரு தடவை. ஏற்கனவே நூறு இடத்தில் கண்டு பல்லைக் கடித்த சொல்தான், இந்த முறை முடியவில்லை.

ஆங்கிலச் சொல், கந்தோருக்கு வந்த கடிதத்தில் நாளும் நேரமும் குத்துகிற அச்சிலிருந்து கணினிக்குத் தாவியது. முத்திரை வடமொழி முத்ரா. பூர்வீகம் அவ்வளவுதான்.

வடமொழி என்று நான் சண்டைக்கு வரவில்லை, மேலே 'கந்தோர்' என்று டச்சுச் சொல்லை எழுதிவிட்டு அந்தச் சண்டை பிடிக்கவும் முடியாது. இங்கே முத்திரை என்றால் முதலில் கடிதத்தில் ஒட்டுவது, சரி, அதையும் விடுவோம். முத்திரை குத்தியாயிற்று என்றால் யாரோ பொறுப்பான ஆள் பார்த்து உறுதி செய்தார், இனி மாறாது என்றுதானே அர்த்தம்? கோப்பின் நேரமோ லினக்ஸில் 'டச்' என்ற ஒரே கட்டளையில் நீங்கள் விரும்பிய திகதிக்குப் போய்விடும். கொழும்பில் மாலை 5.30 என்று காட்டும் கோப்பை, வட்டோடு லண்டனுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கணினியில் செருகினால், குளிர்காலத்தில் நண்பகல் 12 என்று காட்டும், ஏனென்றால் விண்டோஸ் வட்டில் கோப்புகளை அடுக்கும் என்டிஎஃப்எஸ் முறை உள்ளே வைத்திருப்பது உலகப் பொது நேரம். பிளேன் ஏறினால் மாறுகிற முத்திரையை யார் கண்டது?

நான் சொல்வது நேரக்குறி. யாரோ குறித்து வைத்தது, அவ்வளவே. குறி என்றால் குறி சொல்கிறவர் ஞாபகம் வருகிறதாம் ஒரு நண்பருக்கு. வரட்டுமே, பழைய பென் டிரைவில் இருக்கும் நேரமும் பாதி குறி சொல்வதுதான்: அதில் கோப்புகளை அடுக்கும் ஃபேட் முறையில் கோப்பு மாறிய நேரம் 2 செக்கனுக்கு ஒரு படியாகத்தான் பதிகிறது, ஒற்றைப்படைச் செக்கனே வராது.

அதைவிட மோசம், அதே அறிக்கையில் 'நனோசெக்கன் துல்லியம்', நனோசெக்கன் என்றால் செக்கனில் நூறு கோடியில் ஒரு பங்கு. மூலத்தில் இரண்டு வேறு சொற்கள், மொழிபெயர்த்தவருக்கு இரண்டுமே துல்லியம். எவ்வளவு சின்னப் படியில் எழுத முடியும் என்பது ஒன்று, அதை நுணுக்கம் என்போம், தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மீச்சிற்றளவு என்பார்கள். எழுதியது உண்மையான நேரமா என்பது வேறு, துல்லியம் அதற்குத்தான். லினக்ஸ் கோப்புகளை அடுக்கும் ஈஎக்ஸ்டி4 முறை செக்கனுக்கு ஒன்பது தசம இலக்கம் எழுதும். ஆனால் லினக்ஸின் மைய நிரலான கரு வழக்கமாக அந்த நேரத்தை எடுப்பது செக்கனுக்கு 250 தடவை போலத் துடிக்கும் மணிக்கூட்டிலிருந்து, அதாவது 4 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை. ஒரு நிரல் எழுதி ஆயிரம் சின்னக் கோப்புகளை மளமளவென்று உண்டாக்கிப் பாருங்கள், கடைசி இலக்கம் வரை ஒரே நேரத்தோடு கூட்டங்கூட்டமாக நிற்கும். கருவின் 6.13 பதிப்பிலிருந்து, இடையில் யாராவது அந்த நேரத்தைப் படித்திருந்தால் மட்டும் அடுத்த மாற்றத்துக்கு நுணுக்கமான மணிக்கூட்டைப் பார்க்கிறது. கணினியின் மணிக்கூடே பத்து நிமிடம் பிந்தி ஓடினால், ஒன்பது இலக்கமும் பிழையைத்தான் நுணுக்கமாகச் சொல்லும். இதைச் சோதிக்கத்தான் அந்த அறிக்கையே, அதன் தமிழில் இந்த வேறுபாடு மட்டும் இல்லை.

எல்லாவற்றையும் நேரக்குறி என்று திருத்தி, காரணமும் ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். நேற்று இறுதி வடிவம் வந்தது. பதினொரு இடத்திலும் 'காலமுத்திரை'.