கொலஸ்ட்ரோல்: பிள்ளைக்குக் கொழுப்பு என்று சொல்லலாமா?

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா, நம் பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த வட்டாரத்துக் கிளினிக்குகளில் இனிப்புநீருக்கு அடுத்தபடி அதிகம் காதில் விழும் சொல் கொலஸ்ட்ரோல். மலாயில் கொலெஸ்தெரோல். அதையே தமிழில் சொல்லுங்கள் என்றால் எல்லாரும் 'கொழுப்பு' என்பார்கள். பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது அதனால் பெரிய நட்டம் இல்லை. பிள்ளைகள் என்று வரும்போதுதான் அந்தச் சொல் நம்மைத் தப்பான வழியில் கொண்டுபோய் விடுகிறது.

ஒரு தாய் தன் பையனை இரத்தம் எடுக்க அழைத்து வந்தார். அப்பாவுக்கு நாற்பது வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்ததால் பையனையும் பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். "என்னா மிஸ்ஸி, நெத்திலி மாதிரி இருக்கான். இவனுக்குப் போய் கொழுப்பு டெஸ்ட்டா?" என்று கேட்டார் அந்த அம்மா. பையன் ஊசியைப் பார்க்காமல் சுவரில் இருந்த பற்பசை விளம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த அம்மா கேட்டது முற்றிலும் நியாயம். தமிழில் 'கொழு' என்ற வேரே கண்ணுக்குத் தெரியும் செழிப்பைத்தான் சொல்கிறது. கொழுமை என்றால் வளம். பொருநராற்றுப்படையில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சித் துண்டுக்குக் 'கொழுங்குறை' என்று பெயர். நம் பேச்சிலும் கொழுத்த ஆடு, கொழுகொழு குழந்தை என்கிறோம். உடம்பைத் தாண்டிக் குணத்துக்கும் அந்தச் சொல் போய்விட்டது. அதிகமாகப் பேசுகிறவரை 'வாய்க்கொழுப்பு சீலையில் வடியுது' என்போம். ஆக, கொழுப்பு என்றதும் மனம் தேடுவது சதையை, தொப்பையை, திமிரை. ஒல்லியான பிள்ளையிடம் இது எதுவும் இல்லை. பிறகு எதற்கு ஊசி?

மலாய்ச் சொல்லான லெமாக்கும் இதே மாதிரிதான். நாசி லெமாக்கில் இருக்கும் லெமாக், தேங்காய்ப்பால் தரும் அந்தக் கனத்த ருசி. வாயில் உணரக்கூடியது. கொலஸ்ட்ரோலை நாக்காலும் உணர முடியாது, இடுப்பளவாலும் அறிய முடியாது.

சரி, கொலஸ்ட்ரோல் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பித்தப்பைக் கல்லிலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கல்லுக்குள் ஒரு மெழுகுப் பொருளைக் கண்டார்கள். மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் 1815-இல் அதற்குக் 'கொலெஸ்டெரின்' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'கொலே' என்றால் பித்தம், 'ஸ்டெரியோஸ்' என்றால் கெட்டியானது. வேதியியல்படி அது ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது என்று பின்னால் தெரிந்ததும் வாலில் 'ஓல்' ஒட்டிக்கொண்டது.

பெயரில் கொழுப்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். பொருளும் அப்படித்தான். கொழுப்பை உடம்பு எரித்துச் சக்தியாக்கும். கொலஸ்ட்ரோலை அப்படி எரிக்க முடியாது. ஒவ்வொரு உயிரணுவின் சவ்வுக்கும் அது வேண்டும். சில ஹார்மோன்களுக்கும், வைட்டமின் டி-க்கும், பித்தநீருக்கும் அதுதான் மூலப்பொருள். வளரும் பிள்ளையின் மூளைக்கு அது இல்லாமல் ஆகாது. தாய்ப்பாலிலும் அது நிறைய உண்டு. உடம்பில் இருப்பதில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது. சாப்பாட்டிலிருந்து வருவது அதைவிடக் குறைவு.

சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'பித்தத் திண்மம்' என்று ஏதோ வரும். நம் ஊரில் பித்தம் என்றால் தலைசுற்றல், வாய்க்கசப்பு, இஞ்சிச் சாறு. ஒரு குழப்பத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை இழுத்து வைத்ததாகிவிடும். அதனால் கொலஸ்ட்ரோலைக் கொலஸ்ட்ரோல் என்றே வைத்துக்கொள்வதுதான் நல்லது என்பது என் முடிவு. தமிழ்ச்சொல் தேவைப்படுவது லிப்பிட் என்பதற்கு. ஆய்வுக்கூடத் தாளில் 'புரோஃபில் லிப்பிட்' என்று வருகிறதே, அதற்கு. கொழுமியம் என்ற நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கொழுப்பு, கொலஸ்ட்ரோல் எல்லாம் அடங்கிய குடும்பப் பெயர் அது. அந்தச் சோதனையைக் 'குருதிக் கொழுமியச் சோதனை' என்று எழுதலாம். கவுன்டரில் 'இரத்தக் கொழுமிய டெஸ்ட்' என்று சொன்னாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தத் தாளில் உண்மையிலேயே கொழுப்பு என்று சொல்லத் தக்கது ட்ரைகிளிசரைட் ஒன்றுதான். தேத்தாரேக், சிராப், பாக்கெட் பானம் என்று உள்ளே போகும் சீனியும் அதை ஏற்றும். எல்டிஎல், எச்டிஎல் இரண்டும் வண்டிகள். கொலஸ்ட்ரோல் இரத்தத்தில் கரையாது என்பதால் புரதத்தோடு சேர்த்துப் பொதிந்துதான் அனுப்ப முடியும். அடர்த்தி கூடிய கொழுமியப் புரதம் எச்டிஎல், அடர்த்தி குறைந்தது எல்டிஎல். எல்டிஎல் அளவுக்கு மீறினால் இரத்தக் குழாய்ச் சுவரில் படியும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு எண்ணெயைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் இங்கே பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டம். செம்பனை எண்ணெய்ப் புட்டியில் 'பெபாஸ் கொலெஸ்தெரோல்', அதாவது கொலஸ்ட்ரோல் இல்லாதது என்று போட்டிருந்தால் அது பொய்யில்லை. எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரோல் இருப்பதாகச் சொல்லும்படி இல்லை. ஆனால் செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. அதை நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் எல்டிஎல் ஏறும். புட்டியில் இல்லாதது இரத்தத்தில் கூடுகிறது. இரண்டுக்கும் கொழுப்பு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை யாருக்கும் விளங்கவைக்க முடியாது.

ஒல்லிப் பையனுக்கு வருகிறேன். பரம்பரையாக வரும் மிகைக் கொலஸ்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறது. ஈரல் இரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகள் குறைந்தோ பழுதாகியோ பிறப்பது. இந்த ஏற்பிகளைக் கண்டு சொன்ன மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு சரிபாதி. தாயின் சமையல் இதற்குக் காரணமில்லை. 'நான் என்ன தப்பா போட்டேன்' என்று கண் கலங்குகிற தாய்மார்களிடம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

நம் தோட்டத்துக் குடும்பங்களில் 'நெஞ்சு வலிக்குதுன்னாரு, அப்படியே போயிட்டாரு' என்று கதை முடிந்துவிடும். என்ன வயது, என்ன காரணம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆணுக்கு 55 வயதுக்கு முன், பெண்ணுக்கு 65 வயதுக்கு முன் மாரடைப்பு வந்த குடும்பம் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். குதிகால் தசைநாணில் தடிப்பு, கண்ணிமையில் மஞ்சள் படிவு தெரிந்தாலும் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது.

எல்லாப் பிள்ளைகளுக்கும் சோதனை வேண்டுமா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை. 9 முதல் 11 வயதுக்குள் எல்லாருக்கும் ஒருமுறை பார்க்கலாம் என்று அமெரிக்க நிபுணர் குழு ஒன்று 2011-இல் சொன்னது. பருவமடையும்போது கொலஸ்ட்ரோல் கொஞ்சம் இறங்கும்; அதற்கு முன்பே பார்த்துவிடுவதுதான் நோக்கம். 2023-இல் அங்கேயே இன்னொரு குழு, அப்படிச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் நான் இந்த வாதத்துக்குள் போகவே மாட்டேன், பார்த்துவிடுங்கள்.

அப்புறம், தாளை வாசிக்கும்போது கவனம். தமிழ்நாட்டு வாட்ஸ்அப் வீடியோவில் 200 என்பார்கள். நம் தாளில் 5.2 என்றிருக்கும். அது மில்லிகிராம், இது மில்லிமோல். இரண்டும் ஒரே அளவு. ஆனால் பெரியவர்களுக்குச் சரி என்று அச்சடித்த அந்த 5.2, பிள்ளைக்குச் சரியில்லை. மொத்தக் கொலஸ்ட்ரோல் பிள்ளைக்கு 4.4-க்குக் கீழே இருக்க வேண்டும், 5.2 வந்தாலே அதிகம். எல்டிஎல் 2.8-க்குக் கீழே நல்லது, 3.4 தொட்டால் அதிகம், 4.9 தாண்டினால் பரம்பரைக் கோளாறா என்று பார்க்க வேண்டும்.

'புவாசா இருக்கணுமா?' என்று கேட்பார்கள். முதல் சோதனைக்கு பெரும்பாலும் பட்டினி தேவையில்லை. சாப்பிட்டால் முக்கியமாக ஏறுவது ட்ரைகிளிசரைட். அது அதிகமாக வந்தால் வெறும் வயிற்றில் மறுபடி எடுப்பார்கள்.

ஒரே தடவை எடுத்து யாரும் முடிவு சொல்வதில்லை. மறுபடி எடுத்து, தைராய்டும் சிறுநீரகமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பரம்பரைக் கோளாறு என்று உறுதியானால் சாப்பாட்டு மாற்றத்தோடு, 8 முதல் 10 வயதுவாக்கில் மருந்து தொடங்குவதைப் பற்றி டாக்டர் பேசுவார். கூடவே அண்ணன், தங்கை, அப்பா வழியில் வந்திருந்தால் சித்தப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் இரத்தம் கொடுக்க வேண்டும்.