வாத்துக் குஞ்சு ஆணா, பெட்டையா? கழுத்தைப் பார்த்துச் சொல்லலாமா?

பண்டாரவளையைச் சேர்ந்த வாசகர் ஒருவர், லயத்து வாசலில் வளர்க்கும் கூஸ் வாத்துக் குஞ்சுகளுள் எது ஆண், எது பெட்டை என்று நடத்தையைப் பார்த்தே சொல்ல முடியுமா எனக் கேட்டிருக்கிறார். அவற்றுள் ஒன்று நாயைக் கண்டதும் கழுத்தை நீட்டிச் சீறுவதால், அதுதான் ஆண் என்று அயலவர்கள் தீர்மானித்துவிட்டார்களாம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பறவைகளில் பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தங்களாக (மரபணுக்களைச் சுமக்கும் இழைகளாக) ஆணிடம் இரண்டு இசட்டும், பெட்டையிடம் ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உள்ளன. எனவே குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாயின் முட்டைக் கலம்; அதன்மேல் ஓடு படிவதற்கு முன்பே அந்தத் தீர்மானம் முடிந்துவிடுகிறது. கூரான முட்டையில் ஆண் பொரிக்கும் என்பதும், நூலில் கட்டிய மோதிரத்தை முட்டையின்மேல் ஆடவிட்டுக் கணிப்பதும் எந்த ஆதாரமுமற்ற நம்பிக்கைகள். அவற்றை நம்பி முட்டைகளை ஒதுக்கிவிடுவதால் வளர்ப்பவருக்கு நட்டம் உண்டு என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

சீறுகிற குஞ்சுக்கு வருவோம். பொரித்த சில நாட்களிலேயே உடன்பிறந்த குஞ்சுகள் தமக்குள் கடித்து மோதி, யார் மேல், யார் கீழ் என்ற வரிசையை அமைத்துக்கொள்கின்றன. அந்த வரிசையில் மேலே இருப்பது பெட்டையாகவும் இருக்கலாம். அது துணிச்சலாகச் சீறவும் செய்யும். ஆகவே ஒரு பறவையின் ஒரு சீறலை வைத்து முடிவு செய்வது தவறு. பார்க்க வேண்டியது, இரண்டு பறவைகளுக்கிடையே தொடர்ச்சியாக நடக்கும் ஒரு நிகழ்வை.

பறவைகள் ஓரளவு வளர்ந்து இணை சேரத் தொடங்கும் பருவத்தில், பனி விலகாத காலையில் ஒரு நாய் கானோரமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண் தலையைத் தாழ்த்தி, அலகு புல்லை உரசும் அளவுக்குக் கழுத்தை நீட்டி, திறந்த வாயில் நாக்கின் பற்போன்ற ஓரங்கள் தெரிய முன்னே பாய்கிறது. பெட்டை கழுத்தை நிமிர்த்தி, ஒரு கண்ணால் நாயைக் கவனித்தபடி பின்னே நிற்கிறது. நாய் விலகியதும் ஆண் உரக்கக் கத்திக்கொண்டு துணையிடம் ஓடிவர, அதுவும் கழுத்தை நீட்டிச் சேர்ந்து கத்துகிறது. இதற்கு ‘வெற்றிக் கூச்சல்’ என்று பெயரிட்டவர் ஜெர்மனியப் பறவையியலாளரான ஒஸ்கார் ஹைன்ரோத். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ் சாம்பல் நிறக் கூஸ் வாத்துகளிடம் இதை நீண்ட காலம் ஆராய்ந்தார். என்னை இன்றுவரை வியக்கவைப்பது அந்தக் கழுத்தின் கோணம்: திரும்பி வரும் ஆண் எதிரியை நோக்கி நீட்டியதைப் போலவே கழுத்தை நீட்டினாலும், அலகு துணையை நேராகக் குறிவைக்காமல் அதன் பக்கமாகச் சாய்ந்து கடந்து செல்கிறது. தாக்கும் அசைவே திசைமாறிப் பாசத்தின் அசைவாகிவிட்டது என்று லோரன்ஸ் விளக்கினார். முன்னே போய்த் திரும்பி வருவது எது, காத்திருந்து வரவேற்பது எது என்று பல நாட்கள் கவனித்தால் உங்கள் ஊகம் பலமடையும்.

ஆனாலும் அது ஊகமே. இரண்டு ஆண்கள் இணைந்தும் இதே கூச்சலை எழுப்புவதுண்டு; குடும்பத்தோடு இருக்கும் குஞ்சுகளும் இதில் கலந்துகொள்ளும். குரல் மாறிய பின் ஆணின் கத்தல் உச்சமாகவும் பெட்டையின் கத்தல் கனத்தும் கேட்பது கூடுதல் துணை. இணை சேரும் பருவமாக ஐரோப்பிய நூல்கள் குறிப்பிடும் வசந்தகாலத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். அங்கே இனப்பெருக்கத்தைத் தூண்டுவது நீளும் பகற்பொழுது, நமது மலையகத்திலோ ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரம்கூட இல்லை.

உறுதி வேண்டுமானால் பின்துவாரத்தைச் சோதிக்க வேண்டும். பெரும்பாலான பறவைகளில் ஆணுறுப்பே கிடையாது. வாத்தினத்தில் உண்டு என்பதால், பொரித்த முதல் நாட்களிலேயே அதைக் கண்டுகொள்ளலாம். குஞ்சின் உடல் மென்மையானது, எனவே பழகிய கால்நடை வைத்தியரே இதைச் செய்ய வேண்டும். ஓர் இறகின் அடித்தண்டிலிருந்து டிஎன்ஏ எடுத்து இசட்டையும் டபிள்யூவையும் பிரித்தறியும் சோதனை இதைவிடப் பாதுகாப்பானது. தோட்டத்துக் குடும்பம் ஒன்று ஒரு சோடியைத் தேடி வாங்கும்போது எது எது என்று தெரிந்து வாங்க, இந்த வசதியைச் சிறு வளர்ப்பாளருக்கும் கட்டுப்படியான விலையில் கொண்டுவருவதற்கு ஆய்வு நிதியில் ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.