ஸ்நூக்கர்ட்: உதகையில் விதி பெற்ற ஆட்டம் பேச்சு வழக்கான விதம்

ஆங்கிலேயர் ஒருவர் பேச்சுவாக்கில் ‘வீ ஆர் ஸ்நூக்கர்ட்’ என்றால், செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் அதற்கு வழியில்லாமல் நிற்கிறோம் என்பது பொருள். பர்லியாறு அருகே மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடப்பட்டு, கோத்தகிரி வழியிலும் மரம் விழுந்து கிடக்கும்போது, ரயிலைப் பிடிக்கக் குன்னூரிலிருந்து புறப்பட்டவரின் நிலை அதுவே.

இச்சொல் ஸ்நூக்கர் என்ற மேசைப் பந்தாட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் வுல்விச் நகரின் இராணுவப் பயிற்சிக் கழகத்தில் முதலாண்டு மாணவர்களை ‘ஸ்நூக்கர்’ என்று இளக்காரமாக அழைத்து வந்தனர். 1875இல் ஜபல்பூரில், பில்லியர்ட்ஸ் மேசையில் வண்ணப் பந்துகளைக் கூட்டிப் புதிய ஆட்டமொன்றை ஆடிவந்த நெவில் சேம்பர்லின் என்ற இளம் படை அதிகாரி, எளிய பந்தைக் குழியில் தள்ளத் தவறிய தோழரை அப்பெயரால் அழைக்க, அதுவே ஆட்டத்தின் பெயராகவும் நிலைத்தது என்று அவரே 1938இல் எழுதினார். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர்.) ஆட்டத்தின் விதிகள் 1882இல் உதகை கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன, ஆகவே இச்சொல்லின் வரலாற்றில் நீலகிரிக்கு உரிய இடத்தை நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

பேச்சு வழக்கின் பொருள் ஆட்டத்திலிருந்தே வருகிறது. அடிக்க வேண்டிய சிவப்புப் பந்துக்கும், கோலால் உந்தும் வெள்ளைப் பந்துக்கும் இடையே வேறொரு பந்து மறைத்து நிற்குமாறு எதிராளி வைத்துவிட்டால், நேராக அடிக்க இயலாது. மேசையின் விளிம்பில் மோதவிட்டுத் திருப்பித்தான் தொட வேண்டும், தவறினால் குறைந்தது 4 புள்ளிகள் எதிராளிக்குப் போய்விடும். இந்த நிலைக்கும் ஸ்நூக்கர் என்றே பெயர்.

தமிழில் ஆட்டத்தின் பெயரை அப்படியே வைத்துக்கொள்வதே முறை. வழக்குச் சொல்லுக்கு ‘இருதலைக் கொள்ளி எறும்பு’ பொருந்தாது. அது இருபுறமும் ஆபத்து சூழ்ந்த நிலையைக் குறிப்பது, இங்கோ இலக்கு இருக்க வழிதான் மறிக்கப்படுகிறது. எழுத்தில் ‘வழியடைபட்டு நிற்கிறோம்’ என்பதும், பேச்சில் ‘வசமா மாட்டிக்கிட்டோம்’ என்பதும் சரியாக அமையும். ஒருவர் மற்றவரை அந்நிலைக்கு ஆளாக்குவதற்கு ‘முட்டுக்கட்டை போடுதல்’ என்ற நம் தொடரே போதும்.

‘ஸ்நூக்கர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை நண்பர்களிடம் பேசும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். அலுவலகக் கடிதத்தில் வேண்டாம். அமெரிக்கர் வாயில் இதே சொல் பெரும்பாலும் ‘ஏமாற்றப்பட்டோம்’ என்று பொருள்படும் என்பதால், பேசுபவர் எந்நாட்டவர் என்பதைக் கவனித்தே பொருள் கொள்ள வேண்டும்.